கிரண்காவ்: ஆலைக்குள் ஆண்கள், ஆலையைச் சுற்றிப் பெண்கள்

பம்பாய்த் தீவின் நடுப்பகுதியில், பைகுல்லாவிலிருந்து வடக்கே லால்பாக், பரேல், லோயர் பரேல், வொர்லி, நாய்காவ், சிவ்ரி என்று பரந்து கிடந்த பஞ்சாலை வட்டாரத்துக்கு மராத்தியில் கிரண்காவ் என்று பெயர். கிரணி என்றால் ஆலை; காவ் என்றால் ஊர். தென் பம்பாயில் உள்ள கிர்காவ் வேறு இடம். பெயரைக் கேட்டுக் குழம்பிக்கொள்வோர் இன்றும் உண்டு. 1856இல் காவஸ்ஜி டாவரின் நூற்பாலை ஓடத் தொடங்கியதிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த ஆலைகளில், இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்தார்கள். அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று பார்க்கும்போதுதான் இந்த ஆய்வுக்கான கேள்வி பிறக்கிறது. 1920களில் பம்பாய் ஆலைத் தொழிலாளர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் பெண்களாக இருந்தனர். 1940களின் இறுதியில் அது பத்தில் ஒரு பங்கை ஒட்டிச் சுருங்கியது. அதன் பிறகும் சுருங்கிக்கொண்டே போனது. ஆலைகள் மூடப்பட்டதால் வந்த சரிவன்று இது. அதே காலத்தில் ஆலைகளின் மொத்த ஆள்பலம் கூடியிருக்கிறது. அப்படியானால் பெண்கள் எங்கே போனார்கள், என்ன வேலை செய்தார்கள் என்பதே கேள்வி.

விடை தேடிப் போகிறவர் முதலில் கையில் எடுப்பது 1951ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பாகத்தான் இருக்கும். அந்தக் கணக்கெடுப்பு மக்களை மூன்றாகப் பிரித்தது: தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்பவர், ஓரளவு சம்பாதித்தும் பிறரைச் சார்ந்திருப்பவர், சம்பாதிக்காமல் சார்ந்திருப்பவர். பிழைப்பு வகைகள் எட்டு. அவற்றில் நகரத்துக்குப் பொருந்துபவை பொருள் உற்பத்தி, வணிகம், போக்குவரத்து, பிற பணிகள் என்ற நான்கு. இதில் கவனிக்க வேண்டியது, சார்ந்திருப்பவரை அவரைக் காப்பாற்றுபவரின் பிழைப்பு வகையிலேயே சேர்த்தார்கள் என்பது. ஆகவே லால்பாகில் ஒரு நெசவாளியின் மனைவி பதினைந்து ஆண்களுக்கு இருவேளை சோறாக்கிப் போட்டு மாதக் காசு வாங்கினாலும், அவளை வீட்டோடு இருப்பவள் என்று சொல்லிவிட்டால், 'பொருள் உற்பத்தி' என்ற தலைப்பின்கீழ் சம்பாதிக்காத சார்ந்தோர் வரிசையில் அவள் போய் நின்றுவிடுவாள். தொழில் பட்டியலில் ஆண்களின் பத்தி நீளமாகவும் பெண்களின் பத்தி குட்டையாகவும் தெரிவதற்கு வாழ்க்கை ஒரு காரணம் என்றால், கேள்வி கேட்ட முறை இன்னொரு காரணம்.

ஆண்களின் பத்தியும் அப்படியொன்றும் வெளிப்படையானதன்று. 'ஆலைத் தொழிலாளி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பல படிகள் மறைந்திருந்தன. பஞ்சு பிரிக்கும் கூடமும், பஞ்சைச் சீவி இழையாக்கும் கார்டிங் பகுதியும் தூசு மண்டிய, கூலி குறைந்த இடங்கள். அவற்றுக்கு மேலே ரிங் நூற்பு. எல்லாவற்றுக்கும் மேலே நெசவுக்கூடம். கூலியும் மதிப்பும் மிகுந்த நெசவு, ரத்னகிரியிலிருந்தும் சதாராவிலிருந்தும் வந்த மராத்தா சாதியினர் கையிலும், வடக்கிலிருந்து வந்து மதன்புராவில் குடியேறிய முஸ்லிம் நெசவாளர் கையிலும், தெலங்கானாவின் நெசவுச் சாதியினரான பத்மசாலிகள் கையிலும் இருந்தது. தலித்துகளுக்கு அங்கே இடமில்லை. அதற்குச் சொல்லப்பட்ட காரணத்தைக் கேட்டால், சாதி எந்திரத்துக்குள்ளும் எப்படிப் புகுந்துகொள்கிறது என்பது புரியும். தறியில் குறுக்கே ஓடும் நாடாவில், தார் எனப்படும் நூல் சுற்றிய குழல் தீர்ந்து புதுத் தார் போடும்போது, நூல் முனையை நாடாவின் துளை வழியே வாயால் உறிஞ்சி வெளியே எடுப்பது அக்கால வழக்கம். தலித் ஒருவர் வாய் வைத்த நாடாவில் தாங்கள் வாய் வைப்பதில்லை என்று மற்றவர்கள் மறுத்தார்கள். 1928 பொது வேலைநிறுத்தக் காலத்தில் அம்பேத்கர் இதை வெளிப்படையாக எழுப்பினார். நெசவுக்கூடத்தை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்பதைத் தொழிலாளர் கோரிக்கைகளுள் ஒன்றாகச் சேர்க்கச் சொன்னார். பரேலில், நகர மேம்பாட்டு அறக்கட்டளையின் குடியிருப்பு ஒன்றில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். சொன்னது கேள்விப்பட்ட செய்தியன்று, அண்டை வீட்டுச் செய்தி.

நிரந்தரத் தொழிலாளிக்குக் கீழே பதிலி ஆள் இருந்தான். வராதவர் இடத்துக்கு அன்றைக்கு மட்டும் எடுத்துக்கொள்ளப்படும் இவன், ஷிப்ட் தொடங்கும் வேளையில் ஆலை வாசலில் வந்து நிற்க வேண்டும். வேலை கிடைத்தால் கூலி, கிடைக்காவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டும். ஆளெடுக்கும் அதிகாரம் முகாதம் எனப்பட்ட மேஸ்திரியிடம் இருந்தது. அதற்கு அவன் வாங்கிய காணிக்கையைக் கட்டுப்படுத்தத்தான் 1935இல் பதிலிக் கட்டுப்பாட்டு முறையை முதலாளிகள் சங்கம் கொண்டுவந்தது. வேலை நிரந்தரமில்லை என்பதால் குடும்பத்தை ஊரிலிருந்து அழைத்துவர ஆண் தயங்கினான். 1951இல் நகரத்தில் 1000 ஆண்களுக்குப் பெண்கள் ஏறத்தாழ 600 பேர் மட்டுமே இருந்தனர். ஆலை வட்டாரத்தின் தனியாட்கள் ஊர்வாரியாகச் சேர்ந்து, ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, பெட்டி வைக்க ஓரிடமும் பாய் விரிக்க ஓரிடமுமாகப் பகிர்ந்துகொண்டார்கள். காலை ஷிப்டுக்குப் போகிறவன் எழுந்த இடத்தில் இரவு ஷிப்ட் முடித்தவன் படுப்பான். மாதம் பிறந்தால் ஊருக்கு மணியார்டர் போகும். இந்தத் தனியாட்களின் வயிற்றுப்பாட்டை யார் பார்த்தது என்பதற்குப் பின்னால் வருவோம்.

ஆலைக்குள் பெண்கள் எல்லாப் பகுதிகளிலும் பரவி இருந்ததில்லை. பெரும்பாலும் இரண்டு இடங்கள்: நூலைச் சிட்டமாக, அதாவது விற்பதற்கேற்ற நூல் கட்டாகச் சுற்றும் ரீலிங், நெசவுக்காக நூலைச் சுற்றும் வைண்டிங். இவை போகக் கழிவுப் பஞ்சு பொறுக்குவது, கூட்டிப் பெருக்குவது. கைத்தறி ஊர்களை அறிந்த தமிழ் வாசகருக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆண் தறியில் உட்காருவதும் பெண் தார் சுற்றுவதும் நம் ஊர்களிலும் வழக்கம்தான், கோவை ஆலைகளிலும் ரீலிங் என்றாலே பெண்கள் பகுதி என்றுதான் பேச்சு. வீட்டுத்தறியின் வேலைப் பிரிவினை அப்படியே ஆலைக்குள்ளும் போயிருக்கிறது என்று சொல்லத் தோன்றும். பாதி உண்மை அது. மறுபாதி, ரீலிங் பெண்ணுக்குப் போட்ட சிட்டத்துக்கு ஏற்றபடிதான் கூலி என்பது. நூல் வந்தால் வேலை. வராவிட்டால் வெறும் கையோடு வீட்டுக்கு. எந்திரத்தின் இடைவிடாத ஓட்டத்தோடு பிணைந்திராத வேலை என்பதால் பிள்ளையைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தாமதமாகப் போக முடிந்தது என்று அதைச் சலுகைபோலச் சொல்வார்கள். சந்தை மந்தமானால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவதற்கும் அதே ஏற்பாடுதான் வழி செய்தது.

பெண்கள் பகுதிக்கு முகாதமுக்கு இணையாக ஒரு நாய்க்கீண் இருந்தாள். ஆளெடுப்பதும், யாருக்கு எந்த எந்திரம் என்று ஒதுக்குவதும் அவள் கையில். அவளும் காணிக்கை வாங்கினாள் என்பது பதிவாகியிருக்கிறது. அந்த வட்டாரத்தில் ஒரு பெண் எட்டக்கூடிய உயர்ந்த ஆலைப் பதவி இதுவே. பெண்கள் பகுதிகள் சுருங்கியபோது இந்தப் பதவியும் அவற்றோடு போயிற்று. ஆலைக்கு வந்த பெண்களில் கைம்பெண்களும் கணவனால் கைவிடப்பட்டவர்களும் மிகுதி. கைக்குழந்தையோடு வந்தவர்கள் அது அழாமல் உறங்குவதற்காக அபின் கலந்த 'பால கோளி' கொடுத்த வழக்கத்தை 1920களின் மருத்துவ விசாரணைகள் வெளிக்கொண்டுவந்தன. தாய்மார்களைக் குறை சொல்ல இந்தச் செய்தி அன்று பெரிதும் பயன்பட்டது. குழந்தையை வைத்துக்கொள்ள ஆலையில் இடமில்லை என்ற செய்திக்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை.

பெண்களின் இடம் ஏன் சுருங்கியது?

ஒரே காரணத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். காரணங்களுள் பல, ஒவ்வொன்றாகப் பார்த்தால் நல்லவை என்பதுதான் இந்த நிகழ்வின் சிக்கல்.

முதலில் இரவு வேலைத் தடை. பெண்கள் இரவில் ஆலையில் வேலை செய்வதை 1891 முதல் வந்த தொழிற்சாலைச் சட்டங்கள் படிப்படியாகத் தடுத்தன. 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கையும் அதையே சொன்னது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பெண்களின் வேலை நேரத்தைக் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் அடக்கியது. பகல் மட்டும் ஓடிய ஆலையில் இந்தத் தடையால் யாருக்கும் பெரிய நட்டமில்லை. 1930களிலிருந்து இரண்டு ஷிப்டுகள் பரவி, உலகப் போரின்போது ஆலைகள் இரவும் பகலும் ஓடத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. மூன்று ஷிப்டுக்கும் மாற்றி மாற்றிப் போடக்கூடிய ஆள் ஆண். ஒரு ஷிப்டுக்கு மட்டும் ஆகக்கூடிய ஆள் பெண். ஆள் அட்டவணை போடுகிற எழுத்தர் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமலேயே பெண்ணைத் தவிர்த்துவிட முடிந்தது.

அடுத்தது பேறுகாலச் சட்டம். 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதா வந்தபோது அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். 1929இல் அது சட்டமானது, நாட்டிலேயே அத்தகைய முதல் சட்டம். ஆலையில் வேலை செய்யும் பெண்ணுக்குப் பேறுகாலத்தில் நாளொன்றுக்கு எட்டணா கிடைக்க வழி பிறந்தது. ஆனால் பணம் அந்தந்த முதலாளியின் கையிலிருந்து போக வேண்டியிருந்ததால், பெண்களை வைத்துக்கொள்ளாத ஆலைக்குச் செலவில்லை என்றாயிற்று. 1948 சட்டமும் 50க்கு மேல் பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பறை இருக்க வேண்டும் என்றது; 50ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது கணக்குத் தெரிந்த நிர்வாகத்துக்குக் கடினமன்று. 1950களின் நடுவில் தொழிலாளர் அரசுக் காப்பீடு பம்பாய்க்கு வந்து, பேறுகாலச் செலவைப் பொது நிதிக்கு மாற்றியது. முதலாளியின் தனிச்சுமை நீங்கியது. ஆனால் அதற்குள் பெண்கள் பகுதிகள் பாதிக்குப் பாதி கரைந்திருந்தன.

மூன்றாவது எந்திரம். சீனச் சந்தைக்கு நூல் அனுப்பிப் பிழைத்த காலம் போய், பம்பாய் ஆலைகள் தங்கள் நூலைத் தாங்களே துணியாக நெய்யத் தொடங்கியதும் சிட்டம் போடும் தேவை குறைந்தது. சிட்டம், நூலை வெளியே விற்பதற்கான வடிவம். ஆலைக்குள்ளேயே நெய்யும் நூலுக்கு அது வேண்டாம். வைண்டிங் பகுதியில் வேகம் கூடிய புதிய எந்திரங்கள் வந்து, ஒருவர் பார்க்க வேண்டிய கதிர்களின் எண்ணிக்கை பெருகியது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கையால் பார்த்தவரை பெண் வேலையாக இருந்தது, எந்திரம் வந்து கூலி உயர்ந்ததும் பல ஆலைகளில் ஆண் வேலையாக மாறியது. பெண்ணின் விரல்தான் நூலுக்கு ஏற்றது என்று அதுவரை சொன்னவர்களே எந்திரத்துக்கு ஆண்தான் ஏற்றவன் என்று சொல்லத் தொடங்கினார்கள். கைப்பக்குவத்தைப் பற்றிய பேச்சு எப்போதும் கூலியைப் பின்தொடர்ந்தே வந்திருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

நான்காவது, தொழிலாளர்களின் வெற்றி. ஆலைக்கு ஆலை வேறுபட்ட கூலியை ஒழுங்குபடுத்தி, 26 வேலைநாள் கொண்ட மாதத்துக்குக் குறைந்தபட்ச அடிப்படைக் கூலி 30 ரூபாய் என்றும், அதற்கு மேல் விலைவாசிக்கேற்ற பஞ்சப்படி என்றும் 1947இல் தொழில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல ஆண்டுப் போராட்டத்தின் பலன் அது. அதில் பெண்களின் பங்கும் இருந்தது. ரீலிங், வைண்டிங் பெண்கள் 1920களிலும் 30களிலும் தாங்களாகவே வேலையை நிறுத்தியிருக்கிறார்கள். உஷாதாய் டாங்கே, பார்வதிபாய் போர் போன்ற தொழிற்சங்கப் பெண்கள் வேலைநிறுத்தங்களில் பெண்களைத் திரட்டியிருக்கிறார்கள். ஆனாலும் பெண்ணைக் குறைந்த கூலிக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற ஒரே ஈர்ப்பையும் கூலி ஒழுங்கு குறைத்துவிட்டது. சங்கங்கள் வாதாடியதும் பெரும்பாலும் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும் அளவுக்கு ஆணுக்குக் கூலி வேண்டும் என்ற கோணத்தில்தான். ஆட்குறைப்பு வந்தபோது, வீட்டில் வேறு சம்பாத்தியம் உள்ள பெண் போகட்டும் என்ற பேச்சை எதிர்க்க வலுவான குரல் எழவில்லை. போனஸுக்காக 1950இல் 63 நாள் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகள் நிரந்தரத் தொழிலாளியை மையமாக வைத்தவை. அந்த நிரந்தரத் தொழிலாளி அப்போதே பெரும்பாலும் ஆண்தான்.

மராத்தா குடும்பங்களில் கணவனின் கூலி சற்று உயர்ந்ததும் மனைவி ஆலைக்குப் போவதை நிறுத்திக்கொள்வது கௌரவமாகக் கருதப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தலித் குடும்பங்களுக்கு அந்தக் கௌரவத்தை வாங்கும் வசதி குறைவு.

கானாவள்

பெண்கள் எங்கே போனார்கள் என்ற கேள்விக்கான விடையின் பெரும்பகுதி, ஆலை மதிலுக்கு வெளியே, சால் எனப்படும் தொழிலாளர் அடுக்குக் குடியிருப்புகளின் ஒற்றை அறைகளில் இருக்கிறது. 1920களில் பம்பாய் வளர்ச்சித் துறை வொர்லி, நாய்காவ், டெலைல் சாலை, சிவ்ரி ஆகிய இடங்களில் கட்டிய சால்களின் ஓர் அறை 160 சதுர அடியை ஒட்டியது. குழாயும் கழிப்பிடமும் பொது. அந்த அறைக்குள் குடும்பம் வாழ்ந்தது. அதே அறையில் கானாவளும் நடந்தது.

கானாவள் என்பது வீட்டுச் சாப்பாட்டு ஏற்பாடு. தனியாட்களாக வந்த ஆலைத் தொழிலாளிகள் மாதப் பணம் பேசிக்கொண்டு ஒரு பெண்ணின் வீட்டில் இருவேளை சாப்பிடுவார்கள். சிலர் பத்துப் பேருக்குச் சமைத்தார்கள், சிலர் முப்பது பேருக்கு. சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் அவளுடைய கணவனின் ஊர்க்காரர்களாகவோ சொந்தக்காரர்களாகவோ இருந்ததால், இதைத் தொழில் என்று சொல்லக் கணவனுக்கும் கூச்சம், அவளுக்கும் கூச்சம். ஆனால் வேலையின் அளவைப் பாருங்கள். காலை 7 மணிக்கு முதல் ஷிப்ட் என்றால் அதற்கு முன் பாக்ரி என்ற தடித்த ரொட்டியும் காய்கறியும் ஆகியிருக்க வேண்டும்; பிற்பகலில் ஷிப்ட் மாறும்போது ஒரு பந்தி; நள்ளிரவில் திரும்பும் இரண்டாம் ஷிப்ட்காரனுக்கு எடுத்து வைத்த சோறு. ஆலைச் சங்கு ஒரு நாளைக்கு ஒருவனுக்கு ஒருமுறை ஊதியது. இவளுக்கு ஒவ்வொரு முறையும் ஊதியது. இரவு வேலையிலிருந்து பெண்ணைக் காப்பாற்றிய சட்டம் அடுப்படியின் இரவு வேலையை எட்டவில்லை.

இந்தத் தொழிலின் மூலதனம் கடன். சாப்பிட்டவர்கள் சம்பள நாளில்தான் கொடுப்பார்கள். அதுவரை அரிசியும் எண்ணெயும் மளிகைக் கடையில் கணக்கு எழுதி வாங்க வேண்டும். கணக்கு எழுதி வாங்குகிறவளுக்கு விலை கூடுதல், பொருளும் மட்டம். கடைக்காரர் மறுத்தால் வட்டிக்கடைக்குத் தாலியோ பாத்திரமோ போகும். வேலைநிறுத்தம் வந்தாலோ நிலைமை முற்றிலும் வேறு. சாப்பிடுகிறவர்களுக்குச் சம்பளம் இல்லை. அதற்காகச் சோறு இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது, ஊர்க்காரர்கள். 1950இன் அந்த 63 நாட்களையும் தாக்குப்பிடிக்க வைத்ததில் கானாவள் பெண்களின் கடன் கணக்குக்கும் பங்கு உண்டு என்று நான் கருதுகிறேன். சங்க வரலாறுகளில் இது அங்கங்கே ஒரு வரியாக வந்து போகிறது.

பொருளாதாரமாகச் சொன்னால், மனைவியை ஊரில் விட்டுவந்த ஆணுக்கு ஆலை கொடுத்த கூலி அவனுக்குப் போதுமானதாக இருந்ததற்கு இரண்டு பெண்கள் காரணம். ஒருத்தி கொங்கணத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகளை வளர்த்தாள். இன்னொருத்தி பரேலில் அடக்க விலையை ஒட்டிச் சோறு போட்டாள். இருவருமே பம்பாயின் ஆலைத் தொழில் பட்டியலில் இல்லை.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வொர்லியின் மீனவர் குடியிருப்பான கோளிவாடாவில் ஆண்கள் மீன் பிடித்தார்கள், பெண்கள் விற்றார்கள். வட்டாரத்திலேயே காசுப் பெட்டி பெண்ணின் மடியில் இருந்தது இவர்களிடம்தான். நகராட்சித் துப்புரவில் ஆண்களும் பெண்களும் இருந்தனர், ஏறத்தாழ முழுவதும் தலித்துகள். தெருவோரக் காய்கறி விற்பனையும் வீட்டு வேலையும் ஆலையிலிருந்து வெளியேறிய பெண்களை உள்வாங்கிக்கொண்டன. பரேலில் 1926இல் திறந்த கே.இ.எம். மருத்துவமனையும் 1941இல் திறந்த டாட்டா நினைவு மருத்துவமனையும் செவிலியர், ஆயா என்ற மாதச் சம்பள வேலைகளைத் தந்தன. செவிலியர் பணிக்குப் படிப்பு வேண்டியிருந்ததால் சால் பெண்களுக்கு எட்டியது பெரும்பாலும் ஆயா வேலையே. பரேலிலும் லோயர் பரேலிலும் இருந்த ரயில்வே பட்டறைகள் ஆண்களின் உலகம்.

தமிழர்களின் இடம் இந்த வட்டாரத்தின் வடக்கு ஓரத்தில். தாராவியின் தோல் பதனிடும் தொழிலில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன ஆண்கள் இருந்தனர். மாட்டுங்காவிலிருந்து கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்குச் சுருக்கெழுத்தர்களும் கணக்கர்களும் மின்சார ரயிலில் போய்வந்தனர். ஒரே மொழி பேசும் இவ்விரு கூட்டத்துக்கும் இடையே இருந்த தூரம் சில மைல் மட்டுமன்று என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1961ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு கேள்வியை மாற்றியது. சார்ந்திருப்பவர் என்ற வகைகளை விட்டுவிட்டு, ஒருவர் வேலை செய்பவரா இல்லையா என்று நேராகக் கேட்டது. வணிகம், தொழில், பணி போன்றவற்றில், கணக்கெடுப்புக்கு முந்தைய 15 நாட்களில் என்றேனும் வேலையில் இருந்தவரை வேலை செய்பவராகக் கொண்டது. வீட்டுத் தொழிலுக்குத் தனிப் பத்தியும் தந்தது. தாராளமான வரையறைதான். ஆனாலும் கேள்விக்குப் பதில் சொன்னது பெரும்பாலும் வீட்டுத் தலைவனான ஆண். அவன் பார்வையில் சமையல் வேலையே அன்று, பத்துப் பேருக்கானாலும் முப்பது பேருக்கானாலும். 1971இல் முதன்மையான செயல் எது என்று கேட்டு வரையறையை மீண்டும் இறுக்கியபோது, நாடு முழுவதுமே வேலை செய்யும் பெண்களின் எண்ணிக்கை சட்டென்று சரிந்தது. பத்து ஆண்டுகளில் அத்தனை பெண்கள் வேலையை விட்டிருக்க முடியாது என்று ஆய்வாளர்கள் அப்போதே சுட்டிக்காட்டினார்கள்.

கானாவளைத் தொழிலாக முதலில் நடத்தியது கணக்கெடுப்பன்று, வங்கிக் கடன். கோவா விடுதலைப் போராட்டத்திலும் பம்பாய்த் தொழிற்சங்கங்களிலும் உழைத்த பிரேமா புராவ் 1975இல் கானாவள் பெண்களைத் திரட்டி அன்னபூர்ணா மகிளா மண்டலைத் தொடங்கி, அவர்களுக்குத் தேசிய வங்கிகளில் கடன் வாங்கித் தர முயன்றார். கடன் வேண்டுமென்றால் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், மாதம் எவ்வளவு வரவு, மளிகைக்கு எவ்வளவு பாக்கி என்று ஒவ்வொருத்தியும் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஈடாக வைக்க அவர்களிடம் எதுவும் இல்லாததால், குழுவில் ஒருத்திக்கு மற்றவர்கள் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்துத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள்.